மணமகள் அறையில் இரண்டு சம்பந்திகள்

"கண்ண மூடாதீங்க. எதிர்ல நிக்கிறவங்க கண்ணைப் பாருங்க. உங்க உள்ளங்கை ரெண்டையும் அவங்க உள்ளங்கைக்கு நேரா கொண்டு வாங்க. தொடக் கூடாது. நடுவுல ஒரு பந்து இருக்கிறதா நெனச்சுக்கோங்க."

மேகலா டீச்சர் எங்கள் நடுவே பூனை மாதிரி நடந்துகொண்டே சொன்னார். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம். மேஜைகளை ஓரம் கட்டி, தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். அப்படியும் பழைய சாம்பார் வாசனை போகவில்லை. ஜன்னல் வழியாக ஆடிக்காற்று புகுந்து எல்லாப் பெண்களின் துப்பட்டாவையும் முந்தானையையும் ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

என் எதிரே நின்றவர் தனலட்சுமி அம்மாள். என் மகள் ஷீலாவின் மாமியார். எனக்குச் சம்பந்தி.

நாங்கள் இருவரும் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

உயரம் பார்த்து ஜோடி சேர்த்த டீச்சருக்கு அது எப்படித் தெரியும்? வேறு ஆளைக் கேட்கலாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். அத்தனை பேர் முன்னால் சம்பந்திச் சண்டையை அவிழ்த்துவிட எனக்கு மனசில்லை. அவருக்கும் இல்லை போலிருக்கிறது. அவர் என் மூக்குக்கு மேலே எங்கேயோ பார்த்தார். நான் அவருடைய மூக்குத்தியைப் பார்த்தேன்.

நடுவில் அந்தப் பந்து மட்டும் இருந்தது. அதுவும் கோணலாக. ஏனென்றால் என் இடது கை நெஞ்சு உயரத்தில் நிற்க, வலது கை இடுப்பைத் தாண்டி மேலே வர மறுத்துவிட்டது.

வகிடு எடுத்தவர்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு நான் விழுப்புரம் நீதிமன்றத்தில் தட்டச்சராக வேலை பார்த்தவள் என்று தெரியும். இந்த வாரம்தான் புதிதாகக் கையில் எடுத்தவர்களுக்காக இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். சாட்சி சொல்வதையும் வக்கீல் குறுக்கே பாய்வதையும் நீதிபதி அதட்டுவதையும் தட்டித் தட்டியே என் தலைமுடி நரைத்தது. ஓய்வுக்குக் கொஞ்ச காலம் முன்னால் வலது தோள்பட்டையில் வலி வந்தது. பிறகு வலி குறைந்து, தோளே பூட்டிக்கொண்டது. துருப்பிடித்த கேட் மாதிரி. பாதி வரைக்கும் திறக்கும். அதற்கு மேல் ஒரு அங்குலம் நகராது.

சாப்பிடலாம், எழுதலாம், காய் நறுக்கலாம். தலை பின்ன முடியாது.

என் கணவர் அந்தோணி ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். "இதுல என்ன இருக்கு? குடு சீப்பை" என்று ஒரு நாள் எடுத்துக்கொண்டார். முதல் நாள் பின்னல் காதுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பியது. பிறகு செல்போனில் வீடியோ போட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டார். வகிடு மட்டும் அன்றிலிருந்தே அற்புதமாக வந்தது. தண்டவாளம் போல ஒரே நேர்க்கோடு. முப்பது வருஷம் பார்த்த பொருளாயிற்றே!

"எங்கயாவது போகணும்னா முன்கூட்டியே சொல்லிடு பிலோ. தலைக்கு அரை மணி நேரம் ஆவும்" என்பார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நாங்கள் தாமதமாகப் போவதற்கு அந்தப் பின்னல்தான் காரணம் என்று தெருவுக்கே தெரியும்.

அவர்தான் ஒரு காலையில் பேப்பருக்குள்ளிருந்து விழுந்த நோட்டீசை எடுத்து வாசித்தார். "யோகா சிகிச்சை மற்றும் சீகுங் என்னும் சீன அசைவுப் பயிற்சி. முழு உடல்நலனுக்கான தீவிரப் பயிற்சி. ஐந்து நாள், தங்கும் வசதி உண்டு."

வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "தீவிர சிகிச்சை தெரியும். தீவிரப் பயிற்சின்னா என்ன பண்ணுவாங்க?"

"போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

"அஞ்சு நாளைக்கு அங்க யாரு உனக்குத் தலை பின்னுவாங்க?"

அதுதான் அவர் கவலை. ஒற்றைக் கையால் மாட்டிக்கொள்ள ஒரு கொண்டைக் கிளிப் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

ஆடி மாசத்து மண்டபம்

கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, மயிலம் பக்கமாக ஷேர் ஆட்டோவில் போனால் அந்த மண்டபம். ஆடியில் கல்யாணம் கிடையாது. காலியாகக் கிடப்பதைப் பயிற்சிக்கு விட்டிருந்தார்கள். வாசலில் 'நல்வரவு' வளைவு அப்படியே நின்றது. ஆண்களுக்கு மணமகன் அறை, பெண்களுக்கு மணமகள் அறை. மேடையில் சிவப்பு வெல்வெட் வைத்த மாப்பிள்ளை, பெண் நாற்காலிகள் இரண்டும் இருந்தன. தரையில் உட்கார முடியாதவர்கள் அதில் உட்காரலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

மேகலா டீச்சருக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். யோகா சிகிச்சை படித்தவர். கல்யாணமாகி மலேசியா போன இடத்தில், பக்கத்து வீட்டுச் சீனத்துப் பாட்டி காலையில் பூங்காவில் கையை மெதுவாக வீசிக்கொண்டு நின்றதைப் பார்த்து, கூடவே நின்று, வருஷக்கணக்காகக் கற்றுக்கொண்டாராம். "யோகாவுல ஒரு நிலைக்குப் போய் அங்க இருப்போம். சீகுங்ல எங்கயும் நிக்காம ஓடிக்கிட்டே இருப்போம், வாய்க்கால் தண்ணி மாதிரி. உடம்புக்கு ரெண்டும் வேணும்" என்றார்.

முதல் நாளே இன்னொன்றும் சொன்னார். "டாக்டர் குடுத்த மாத்திரையை யாரும் நிறுத்தக் கூடாது. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் இங்கயும் நேரத்துக்குப் போடணும்." எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், "அத நிறுத்தலாம்னுதானே வந்தேன்" என்று முணுமுணுத்தார்.

மணமகள் அறைக்குள் பையோடு நுழைந்தபோதுதான் என் சம்பந்தியைப் பார்த்தேன். ஜன்னலோரப் பாயில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு மஞ்சள் பையைத் திறந்து, சுற்றியிருந்த பெண்களுக்கு வறுத்த மல்லாட்டை (எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்) கொடுத்துக்கொண்டிருந்தார் தனலட்சுமி அம்மாள்.

"வெதைக்கிற நேரம்தான். இன்னா பண்றது, முட்டி மடங்க மாட்டேங்குது. வரப்புல சும்மா குந்திக்கினு ஆளுங்கள வேல வாங்கறதுக்கு, இங்க வந்து குந்தலாம்னு வந்துட்டேன். சீக்குக்குப் பண்றதாலதான் இதுக்கு சீக்குங்னு பேரு வெச்சிருக்காங்க போல" என்று அவர் சொல்ல, அறையே சிரித்தது.

என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தவர் என்னருகே வந்ததும் ஒரு நொடி தயங்கினார். ஒரு கை மல்லாட்டையை எனக்குப் பக்கத்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

நான் அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். எல்லோரும் குளிக்கப் போன நேரத்தில் தின்றேன். நல்ல வறுவல்.

வெளியே வந்து ஷீலாவுக்குப் போன் போட்டேன். "இது உன் வேலைதானே?"

"எதும்மா?"

"உன் மாமியாரும் இங்க இருக்காங்க."

"ஐயோ! சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. அவங்க ஏதோ முட்டிவலிக்கு கேம்ப்னுதான் சொன்னாங்க. அம்மா, ப்ளீஸ், ஒண்ணும் பேசிடாத. நான் கதிர் கிட்ட சொல்றேன்" என்று அழாக்குறையாகச் சொன்னாள்.

இரண்டு வாசல்கள்

கதிர் என் மருமகன். ஓமந்தூர் பக்கத்து விவசாயக் குடும்பம். சொந்த நிலம், கிணறு, மல்லாட்டையும் கேப்பையும். சென்னையில் ஒன்றாக வேலை பார்த்த இடத்தில் ஷீலாவும் அவனும் முடிவு செய்துகொண்டார்கள். இரண்டு வீட்டிலும் கொஞ்சம் முகத்தைத் தூக்கிவிட்டு, கடைசியில் சம்மதித்தோம். காலையில் விழுப்புரத்தில் எங்கள் மாதா கோயிலில் திருமணப் பூசை, சாயங்காலம் திண்டிவனத்தில் மண்டபத்தில் தாலி கட்டு. யாருக்கும் குறை வைக்காத ஏற்பாடு என்று நினைத்தோம்.

காலையில் மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். எல்லோரும் படியேறி உள்ளே வந்தார்கள். தனலட்சுமி அம்மாள் மட்டும் கீழேயே நின்றார். என் கணவர் இறங்கிப் போய் அழைத்தார். "நீங்க போங்க, நான் இங்கயே நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாராம். பூசை முடிந்து நாங்கள் வெளியே வரும்வரை, பட்டுப்புடவையும் மல்லிகையுமாக, வெயிலில் நின்றார்.

எங்கள் கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது என்று நிற்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? என் தங்கை காதோரம் வந்து அதையே சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். சாயங்காலத்துக்குள் அது ஊர் அறிந்த உண்மையாகிவிட்டது.

மண்டபத்தில் நானும் விறைப்பாகவே இருந்தேன். அதன்பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நாங்களும் போகவில்லை. பிள்ளைகள்தான் பாவம். கிறிஸ்துமஸுக்கு இங்கே, பொங்கலுக்கு அங்கே. இங்கே இருக்கும்போது அந்த வீட்டு போன் வந்தால் மொட்டை மாடிக்கு ஓடுவார்கள்.

பந்து

இப்படிப்பட்ட இரண்டு பேரைத்தான் மேகலா டீச்சர் எதிரெதிரே நிறுத்தி, நடுவில் பந்து இருப்பதாக நினைக்கச் சொன்னார்.

"அவங்க கை வந்தா நீங்க பின்னால போங்க. அவங்க போனா நீங்க வாங்க. தள்ளாதீங்க, விட்டும் குடுக்காதீங்க."

தள்ளாமலும் விட்டுக்கொடுக்காமலும் இருப்பதில்தான் எங்களுக்கு மூன்று வருஷப் பழக்கம் இருந்ததே! ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து என் உள்ளங்கை வெதுவெதுவென்று ஆனது. அது சீன வித்தையா, எதிரில் இருந்த கையின் சூடா, எனக்குத் தெரியாது. களை பறித்துக் காய்த்துப்போன கை. என் வலது கை மேலே வராததைப் பார்த்ததும், அந்தக் கை மெதுவாகத் தானாகவே கீழே இறங்கி என் கைக்கு நேராக வந்து நின்றது.

நான் முதல் தடவையாக அவர் கண்ணைப் பார்த்தேன். அவர் என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேசவில்லை. அன்றும் பேசவில்லை, அடுத்த நாளும் பேசவில்லை. காலையில் மூச்சுப் பயிற்சி, பிறகு கஞ்சி, பிறகு சுவரில் விரலால் ஏறுவது என்று எனக்குத் தனிப்பாடம். மூச்சைக் கவனிக்கச் சொன்னால் என் விரல்கள் தொடைமேல் டீச்சர் சொல்வதையெல்லாம் தட்டச்சு செய்துகொண்டிருக்கும். தனலட்சுமி அம்மாளுக்குச் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கும் பாடம். மணப்பெண் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "மாப்பிள எங்க?" என்று மற்றவர்கள் கேட்பார்கள். "மாப்பிள வீட்ல மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இருக்காரு" என்பார்.

மூன்றாம் நாள் மதியம்

அன்று மதியம் கண் மூடி உட்காரும் வகுப்பு. முடிந்ததும் எல்லோரும் சாப்பாட்டு வாசனை பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பாயைச் சுருட்ட எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். ஒற்றைக் கை அல்லவா. நிமிர்ந்தால், தனலட்சுமி அம்மாள் நாற்காலியில் இல்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் வியர்த்திருந்தது.

"சம்பந்தியம்மா" என்றார்.

மூன்று வருஷத்தில் முதல் வார்த்தை.

"முட்டி லாக் ஆயிடுச்சி. எழுந்துக்க முடியல."

"இருங்க, நான் போய் நாலு பேரைக் கூட்டிட்டு வரேன்."

"வேணாம் வேணாம்!" என்று கையை ஆட்டினார். "நாலு பேரு சேந்து என்னத் தூக்குனா மானமே போயிடும். அன்னிக்கும் அதுக்குப் பயந்துக்கினுதான கீழயே நின்னேன்."

"என்னைக்கு?"

"கல்யாணத்தன்னிக்கி. உங்க சர்ச்சு படியாண்ட."

சுருட்டிய பாய் என் கையிலிருந்து நழுவி விரிந்தது.

"இன்னா படிங்க அது! மயிலம் மலையே தேவல. வேன்ல வரசொல்லவே முட்டி புடிச்சிக்கிச்சி. ஏறுனா நடுவுல நின்னுடுவேன், ஆம்பளைங்க வந்து தூக்குவாங்க, புது சம்பந்தம் எதுர்ல அசிங்கமா பூடும்னு அப்பிடியே நின்னுட்டேன்."

"அப்போ... கோயிலுக்குள்ள வரக் கூடாதுன்னு நிக்கலையா?"

"ஏன் வரக் கூடாது? எம்புள்ள கல்யாணம், நான் பாக்க வேணாமா? எட்டி எட்டிப் பாத்தேன். தூணு மறைச்சிக்கிச்சி. அவன் மோதிரம் போட்டதக்கூட நான் பாக்கல."

அவர் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "எங்க வீட்டுக்காரர் வந்து கூப்பிட்டாரே, அவர் கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"பொண்ணு குடுக்கறவங்களாண்ட, மாமியாக்காரிக்கு முட்டி பூட்டுச்சின்னு யாராவது சொல்லிக்கினு இருப்பாங்களா?" என்றார். பிறகு என் தோளைப் பார்த்தார். "ரெண்டு நாளா நானும் பாத்துக்கினுதான் இருக்கேன். உங்க கை மேல வர மாட்டேங்குதே, எத்தினி நாளா இப்பிடி?"

"மூணு வருஷமா."

அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "மூணு வருஷம்னா... கல்யாணத்தன்னிக்கு?"

"அந்த வாரம்தான் ஆரம்பம். அசைச்சா உயிர் போற மாதிரி வலிக்கும். முந்தானைக்குள்ள விலாவோட ஒட்டி வெச்சுக்கிட்டே நின்னேன்."

"அட கடவுளே!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். "திண்டிவனத்துல மண்டபத்து வாசல்ல நான் ரெண்டு கையும் எடுத்துக் கும்புட்டேன். நீங்க எடது கைய மட்டும் தூக்கி, ஜீப்புல ஓட்டு கேட்டுக்கினு போறவங்க மாதிரி ஆட்டுனீங்க. எங்க ஊரு ஜனம் பூரா பாத்துச்சி. படிச்ச திமிருன்னு நாங்கல்லாம் பேசிக்கினோம்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் சிரிக்க ஆரம்பித்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும், நாற்காலி இருக்கும்போது தரையில எதுக்கு உட்கார்ந்தீங்க?"

"நீங்க தரையில குந்தியிருக்கசொல்ல, நான் சிவப்பு நாக்காலியில மேல குந்தியிருந்தா நல்லாவா இருக்கும்? சம்பந்தி எதுர்ல திமிரா குந்திக்கினு இருக்கான்னு நீங்க நெனச்சிட்டீங்கன்னா?"

எழுந்து, என் இடது தோளை அவருக்குக் கொடுத்தேன். அவர் அதைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். வயலில் வேலை செய்த உடம்பு. அவர் மேலே வரவில்லை. நான் கீழே போனேன். இரண்டு பேரும் பாயில் மல்லாந்து கிடந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தோம். கூரையில் போன கல்யாணத்தின் காகிதத் தோரணம் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு மேகலா டீச்சர் வாசலில் வந்து நின்றார். பின்னாலேயே எட்டிப் பார்த்தவர்களைக் கையால் தடுத்தார். "யாரும் கிட்டப் போகாதீங்க. உள்ள அடைஞ்சு கிடந்தது வெளிய வருது. சிலருக்கு மூணாவது நாள் இப்படி ஆகும். வரட்டும், விடுங்க."

"டீச்சர்" என்றார் தனலட்சுமி அம்மாள், மூச்சு வாங்கிக்கொண்டே. "அது வரட்டும். மொதல்ல வந்து என்னத் தூக்குங்க!"

பிறகு

அற்புதம் ஏதும் நடந்துவிடவில்லை. கடைசி நாள் என் வலது கை காதைத் தொட்டது. அதற்கே கைதட்டினார்கள். உச்சந்தலைக்கு ஏற இன்னும் பல மாசம் சுவரில் விரல்நடை போக வேண்டியிருந்தது. தனலட்சுமி அம்மாளை எலும்பு டாக்டரிடம் அவசியம் காட்டச் சொன்னார் டீச்சர். படியேறும்போது நல்ல காலை முதலில் வைக்கவும், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழவும் பழக்கினார். மீதி நாட்களில் சிவப்பு நாற்காலிகள் இரண்டிலும் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். எனக்கு முட்டியில் ஒன்றும் இல்லை. டீச்சரும் கேட்கவில்லை.

காலையில் எனக்குத் தலை பின்னி விட்டதும் அவர்தான். இறுக்கமாகப் பின்னுவார். புருவமே மேலே போய்விடும்.

"புள்ளைங்களாண்ட இப்பவே சொல்லிடாதீங்க" என்று நான்காம் நாள் சொன்னார். "மூணு வருஷமா நம்மளாண்ட ஒளிஞ்சி ஒளிஞ்சி போன் பேசிக்கினு திரிஞ்சாங்க இல்ல, இன்னும் கொஞ்சம் பேஜாரா இருக்கட்டும்."

பிள்ளைகள் பேஜாராகத்தான் இருந்தார்கள். ஐந்தாம் நாள் கதிர் சென்னையிலிருந்து காரில் வருவதாக ஏற்பாடு. ஷீலா எனக்குப் போனில் சொன்னாள்: "அம்மா, நீ பத்து மணிக்கே ரெடியா கேட்டுக்கு வந்துடு. உன்னை விழுப்புரத்துல விட்டுட்டுத் திரும்பி வந்துதான் அத்தையைக் கூட்டிட்டுப் போகணும்." தனலட்சுமி அம்மாளுக்கு மகன் சொன்னது: "பன்னெண்டு மணி வரைக்கும் ரூமை வுட்டு வெளியவே வராதம்மா."

நாங்கள் ஒன்பது மணிக்கே டீச்சரிடம் சொல்லிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டோம்.

கூட்டேரிப்பட்டில் நெடுஞ்சாலையை ஒட்டிய டீக்கடை பெஞ்சில் இடம் பிடித்தோம். மெதுவடை சூடாக எண்ணெயிலிருந்து வந்தது. விழுப்புரம் பஸ் ஒன்று போனது. நான் ஏறவில்லை. திண்டிவனம் பஸ் ஒன்று போனது. அவர் ஏறவில்லை. மகனுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஷீலா பள்ளிக்கூடத்து மரத்திலிருந்து விழுந்ததைச் சொன்னேன். மூன்று வருஷத்துப் பேச்சு பாக்கி இருந்தது.

அப்போதுதான் கதிரின் வெள்ளைக் கார் சென்னைப் பக்கமிருந்து வந்தது. கதிர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி ஓட்டினான். பக்கத்தில் ஷீலா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். வேகத்தடையில் எங்களுக்கு நேரே கார் ஊர்ந்தது. ஷீலா திரும்பி எங்கள் பெஞ்சைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கார் போய்விட்டது.

நான் பதறி எழுந்தேன். "நம்மளைப் பாத்துட்டே போறாளே!"

தனலட்சுமி அம்மாள் என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"நாம ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல குந்தியிருப்போம்னு அது கண்ணே நம்பியிருக்காது சம்பந்தி. போவட்டும் விடுங்க. ரோசன பண்ணி, யூ டர்ன் அடிச்சிக்கினு வரட்டும். நீங்க வடைய ஆறிப் பூடாம துன்னுங்க."